போருக்குப் போகாத நட்சத்திரங்களை எடைபோடுவது எப்படி?

1942இல் உலகப் போரின் நடுவே எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கால்நடையாகக் காரைக்குடி வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது ஒரு தகர வெற்றிலைப் பெட்டிதான். மூடியில் நசுங்கிய பள்ளம் இன்றும் இருக்கிறது. அவரையும் 'ஓடிவந்தவர்' என்றார்கள். அதனால், திண்ணையில் யாராவது "அந்த நடிகர் போருக்குப் பயந்தவர்" என்றால் நான் குறுக்கே விழுவேன்.

முதலில், கட்டாய ராணுவச் சேவையை மறுத்தாரா, அதிலிருந்து சட்டப்படி விலக்கு வாங்கினாரா என்று பிரித்துப் பாருங்கள். வியட்நாம் போர்க் காலத்தில், அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர்க்கப் பெயர் சொல்லி அழைத்தும் அவர் ஓரடி முன்னே வைக்கவில்லை. பட்டம் போயிற்று, மூன்றாண்டுக்கு மேல் குத்துச்சண்டை மேடையும் போயிற்று. 1971இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மறுத்ததற்காக அவருக்கு விதித்த தண்டனையை ரத்து செய்தது. இவரா ஒளிந்தவர்?

பிறகு வயதையும் குடும்பத்தையும் கேளுங்கள். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய 1941 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்னுக்கு வயது 34, பிள்ளைகள் நால்வர். குடும்பத்தைக் காட்டி விலக்கு பெற்றார், சட்டப்படி சரி. ஆனால் திரையில் சிப்பாய் வேடம் கட்டியே பேர் வாங்கினாரே, அதுதான் எனக்கு நெருடுகிறது.

கடைசியாக, மறுத்தவர் பின்னால் என்ன செய்தார் என்று விசாரியுங்கள். அதே போரில் ஆயுதம் தொடமாட்டேன் என்ற ஹாலிவுட் நடிகர் லூ அயர்ஸின் படங்களைத் திரையரங்குகள் தூக்கி எறிந்தன. அவரோ மருத்துவப் படையில் சேர்ந்து, பசிபிக் முனையில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்.