கோடவுன் தெருவில் துணி எடுக்க

சென்னையில் மலிவாகத் துணி எடுக்க பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போங்கள். ஞாயிறு வேண்டாம், பெரும்பாலும் கடை இருக்காது. வண்டியும் வேண்டாம், உயர் நீதிமன்றம் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம்.

முதல் இரண்டு மூன்று கடைகளில் விலை மட்டும் கேளுங்கள். சிலர் மொத்தமாகத்தான் கொடுப்பார்கள், "மீட்டர் கணக்குல வெட்டித் தருவீங்களாண்ணே?" என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

விலையைவிட அகலம் முக்கியம். 44 அங்குலத்தில் 2.5 மீட்டரில் முடிகிற டாப்புக்கு, 36 அங்குலத் துணி 3 மீட்டருக்கு மேல் பிடிக்கும். மலிவென்று எடுத்தது அங்கேதான் கையைக் கடிக்கும். அடர் நிறமென்றால் ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேயுங்கள், சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். வெட்டுவதற்கு முன் முழுதும் விரித்து இழை விட்டிருக்கிறதா பாருங்கள். வெட்டியபின் திரும்ப எடுக்க மாட்டார்கள். பேரத்தைக் கடைசியில், மொத்தப் பில்லில் வையுங்கள்.