தண்ணீருக்குத் தண்ணீர் சட்டம் வேறு: மேரியோ, சோனிக் கேம்களின் நீச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. நீச்சல் படிக்க வேண்டுமென்றால் கிணறு, இல்லாவிட்டால் நிறைந்து கிடக்கும் கண்மாய். என் அக்கா மகன் கிணற்றில் படித்தவன். பம்புசெட்டு ரூம் மேலிருந்து தலைகீழாகக் குதிப்பான், உள்நீச்சலில் அடி வரைக்கும் போய் மண்ணை அள்ளிக்கொண்டு வருவான். அப்படிப்பட்டவன் போன கோடை விடுமுறையில் பட்டாலையின் ஆத்தங்குடிக் கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு, பழைய சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில், தண்ணீருக்குள் நடக்கும் 2-2 லெவலில் ஏழாவது தடவையாகச் செத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இது நீச்சலே இல்ல மாமா" என்றான்.

அவன் சொன்னது சரிதான். நிஜத் தண்ணீரில் பயந்து உதறுகிறவன்தான் முங்குவான். நெஞ்சில் காற்றை நிறைத்துக்கொண்டு சும்மா மல்லாந்து கிடந்தால் உடம்பு தானாக மிதக்கும். மேரியோவில் தலைகீழ். சும்மா இருந்தால் முங்குவான், தட்டினால் எழும்புவான். நிஜ நீச்சல் தெரிந்தவனுக்கு இதனாலேயே கொஞ்சம் கூடுதல் சிரமம்.

எங்கள் பக்கம் தண்ணீருக்குத் தண்ணீர் சட்டம் வேறு. ஊருணி குடிப்பதற்கு, அதில் காலை நனைத்தால் தெருவே கூடித் திட்டும். கண்மாயில் நீந்தலாம், மாடு குளிப்பாட்டலாம், மடைப் பக்கம் மட்டும் போகக் கூடாது. தெப்பக்குளத்தில் படியோடு சரி. கேம்களிலும் இப்படித்தான். ஒரு கேமின் தண்ணீரில் பழகிய கையை அடுத்த கேமுக்குக் கொண்டுபோவதுதான் நான் பார்த்த தவறுகளில் பாதிக்குக் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம், தரையில் ஓடிய கையை அப்படியே தண்ணீருக்குள் கொண்டுபோவது.

தாவித் தாவி முன்னேறும் இந்த பிளாட்பார்ம் கேம்களில் தண்ணீர் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். முதல் வகையில் பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொரு உந்தாக மேலே போகலாம், விட்டால் முங்குவோம். இரண்டாவதில் எந்தத் திசையை அழுத்துகிறோமோ அந்தத் திசையில் மீன் மாதிரிப் போகலாம். மூன்றாவதில் நீச்சலே கிடையாது, அடியில் நடக்கலாம், மெதுவாகத் தாவலாம், அவ்வளவுதான். எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. தண்ணீருக்குள் இறங்கியதும் இரண்டு விநாடி எதையும் தொடாமல் இருங்கள். முங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? அப்புறம் ஒரே ஒரு தட்டு. அப்புறம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கிணற்றில் இறங்குமுன் ஒரு கல்லைப் போட்டு ஆழம் பார்ப்போமே, அந்த மாதிரி.

படபடவென்று தட்டுவது

1985இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் முதல் வகை. 90களில் எங்கள் தெருவில் டிவி கேம் வைத்திருந்த ஒரே வீட்டில் இதை நாங்கள் கூட்டமாக விளையாடியிருக்கிறோம். 2-2 வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான்: பயத்தில் பட்டனை மிக்ஸி ஓடுகிற வேகத்துக்குத் தட்டுவோம். மேரியோ நேரே திரையின் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்வான். அங்கே போனால் மேலே தப்பிக்க வழி இல்லை, இறங்க நினைத்தாலும் இறக்கம் மெதுவாகத்தான் வரும். அந்த நேரத்தில் எதிரே ஒரு மீன் வந்தால் கதை முடிந்தது.

இங்கே ஒவ்வொரு தட்டும் மேலே ஒரு உந்து கொடுக்கிறது. அந்த உந்து தீர்ந்து அவன் இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த தட்டு. சாணை பிடிக்கிறவர் சக்கரத்தை மிதிக்கிற தாளம் வந்துவிட்டால், அவனை ஒரே உயரத்தில் வைத்துக்கொண்டு நேர்கோட்டில் கொண்டுபோகலாம். திரையின் நடு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருப்பது என் பழக்கம். ஏறுவது சட்டென்று நடக்கும், இறங்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் அவசரம் என்று வந்தால் ஏறித் தப்பிக்கிற மாதிரி இடத்தில் இருப்பது நல்லது.

இந்த லெவலில் மூச்சுக் கணக்கு கிடையாது. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாலும் மேரியோவுக்கு மூச்சு முட்டாது. மேலே ஓடுகிற கடிகாரம் ஒன்றுதான் கணக்கு. அப்படியிருந்தும் ஏன் எல்லோரும் இவ்வளவு பதறுகிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. தண்ணீர் என்றாலே தம் கட்ட வேண்டும் என்று நமக்குள் எழுதியிருக்கிறது போல.

மடைப் பக்கம் போவது

அதே லெவலில் தரையில் பள்ளங்கள் வரும். அவற்றுக்கு மேலே தண்ணீர் கீழ்நோக்கி இழுக்கும். திறந்த மடைக்குப் பக்கத்தில் நீந்தாதே என்று வீட்டில் எதற்குச் சொல்கிறார்களோ, அதே காரணம்தான். இழுக்கிறது என்று தெரிந்த பிறகு தட்ட ஆரம்பிப்பது தாமதம். பள்ளம் கண்ணில் பட்டதுமே உயரத்தை ஏற்றிக்கொண்டு தாண்ட வேண்டும். வேகமாகத் தட்டுவதற்கு இந்த லெவலில் நான் அனுமதி கொடுக்கும் இடம் இது ஒன்றுதான்.

தரையில் மிதித்ததைத் தண்ணீரிலும் மிதிப்பது

மேரியோ என்றாலே எதிரியின் தலையில் குதிப்பது என்று பழகிவிட்டோம். தண்ணீருக்குள் அது செல்லாது. மீன்மேல் விழுந்தால் அடிபடுவது மேரியோதான். பூவை எடுத்து நெருப்புப் பந்து வீசும் சக்தி இருந்தால் மட்டும் எதிர்க்கலாம், இல்லாவிட்டால் ஒதுங்கிப் போவதுதான் வழி. வெள்ளைக் கணவாய் மாதிரி வருகிற ப்ளூப்பர் சாய்வாக ஒரு பாய்ச்சல் மேலே போய், அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கும். அது இறங்கும்போது அடியில் நுழைகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். மேலே பாய்கிற நேரத்தில் அடியில் நழுவிவிட வேண்டும்.

1994இல் வந்த டாங்கி காங் கன்ட்ரியிலும் இதே கதை. தரையில் உருண்டும் குதித்தும் எல்லோரையும் சாய்க்கிற குரங்குகள் தண்ணீருக்குள் வெறுங்கையர்கள். எங்கார்ட் என்கிற கொம்பன் மீன் கிடைத்து அதன்மேல் ஏறினால்தான் குத்த முடியும்.

சோனிக்கின் கடப்பாரை நீச்சல்

இரண்டாவது வகையில் நினைத்த பக்கம் போகலாம் என்பதால் அதை விட்டுவிட்டு மூன்றாவது வகைக்கு வருவோம். 1991இல் வந்த முதல் சோனிக் கேமில் லேபிரிந்த் ஸோன் என்று ஒரு பகுதி. கேம் முழுக்கக் காற்றாகப் பறந்த சோனிக் என்கிற முள்ளெலி, தண்ணீரில் இறங்கியதும் கல்லாக முங்கும். சோனிக்குத் தெரிந்தது கடப்பாரை நீச்சல் ஒன்றுதான். நிஜ முள்ளெலி நன்றாகவே நீந்தும் என்பது வேறு விஷயம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, சோனிக் தண்ணீரில் குறைவாகத் தாவுகிறது என்று நினைப்பது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எட்டக்கூடிய மேடையையும் எட்டாது என்று விட்டுவிட்டு, சுற்றுப்பாதையில் போய் மூச்சை வீணாக்கியிருக்கிறேன். உண்மையில் தாவும் விசை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது, கீழே இழுக்கும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. இரண்டும் சேர்ந்து, எட்டுகிற உயரம் தரையில் எட்டுவதற்கு ஏறக்குறைய சமமாகவே வரும். மாறுவது நேரம். தரையில் உச்சிக்குப் போக அரை விநாடி என்றால், தண்ணீரில் ஒரு விநாடியை நெருங்கிவிடும். அதனால் எதிரி வருகிறான் என்றால் வழக்கத்தைவிட முன்னதாகவே தாவ வேண்டும். ஒருமுறை தாவிவிட்டால் இறங்கும் வரை அந்தரத்தில் தொங்கும் பலூன்தான் நீங்கள். ஆகவே தேவையில்லாமல் தாவுவதும் தவறு. ஓட்டத்திலும் வேகம் பாதிதான். திசைப் பட்டனை எவ்வளவு வெறியாக அழுத்தினாலும் அதற்கு மேல் ஏறாது.

அப்புறம் மூச்சு. சோனிக்குக் கிடைப்பது 30 விநாடி. இடையிடையே மணி அடித்து எச்சரிக்கும். கடைசி 12 விநாடி போல இருக்கும்போது அந்தப் பதற்ற இசை ஆரம்பித்து, திரையில் 5, 4, 3 என்று எண்கள் இறங்கும். இசையைக் கேட்டதும் முன்னால் ஓடுவதுதான் பெரும்பாலானோர் செய்கிற காரியம். முன்னால் காற்றுக்குமிழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பின்னால் ஒன்றைத் தாண்டி வந்தது தெரியும். தெரிந்த இடத்துக்குத் திரும்புவது மானக்கேடு இல்லை. அதைவிட நல்லது, முதல் மணி அடிக்கும்போதே அடுத்த குமிழியைத் தேட ஆரம்பிப்பது. தரையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றால் பெரிய குமிழி வரும். சின்னவை எத்தனை மேலே பட்டாலும் பயனில்லை, பெரியதுதான் கணக்கு. அதை விழுங்கும் நொடியில் சோனிக் அப்படியே நின்றுவிடும் என்பதால், பக்கத்தில் முள்ளோ எதிரியோ வருகிற நேரம் பார்த்து விழுங்காதீர்கள்.

கூட ஓடிவரும் டெய்ல்ஸ் என்கிற நரிக்கு சோனிக் 3இல் நீந்தத் தெரியும். அண்ணன் முங்க, தம்பி நீந்த என்று பார்க்கவே சிரிப்பாக இருக்கும்.

மெகா மேன்: இங்கே உயரமே எமன்

சோனிக் பழகியவர் மெகா மேன் 2க்குப் போனால் வேறு மாதிரி சிக்கல். 1988இல் வந்த அந்த கேமில் பபுள் மேன் லெவலில் தண்ணீருக்குள் தாவினால் தரையில் தாவுவதைவிட வெகு உயரம் போகும். கூரையெல்லாம் முள். ஒரு முள் பட்டால் போதும், எவ்வளவு உயிர் மிச்சம் இருந்தாலும் அவுட். பட்டனை அழுத்திப் பிடிக்காமல் தொட்டுவிட்டு எடுங்கள்.

ஒரே படியில் இருக்கும் மூச்சும் உயிரும்

1996இல் வந்த சூப்பர் மேரியோ 64இல் தண்ணீர் எல்லாப் பக்கமும் விரிந்துவிட்டது. மேலே போக ஸ்டிக்கைக் கீழே இழுக்க வேண்டும், ஆழத்துக்குப் போக மேலே தள்ள வேண்டும். விமானம் ஓட்டுகிற மாதிரி. மூச்சு முட்டுகிற நேரத்தில் நம் கை மறந்துபோய் மேலே தள்ளும், மேரியோ தரையை முட்டுவான். ஆழமில்லாத, எதிரி இல்லாத ஒரு மூலையில் ஐந்து நிமிடம் சும்மா சுற்றிப் பழகிவிட்டுத்தான் ஜாலி ரோஜர் பே பக்கம் போக வேண்டும் என்பேன்.

எட்டுத் துண்டாக இருக்கும் வட்டம்தான் இதில் உயிர், மூச்சு இரண்டுக்கும். உள்ளே இருக்க இருக்கக் குறையும். தண்ணீர்ப் பரப்புக்கு வந்தால் மறுபடி நிறையும். இதை ஆபத்தாக மட்டும் பார்க்கிறவர்கள் பாதி லாபத்தை விட்டுவிடுகிறார்கள். தரையில் அடிபட்டு உயிர் குறைந்து வந்தால், பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் இறங்கித் தலையை வெளியே வைத்துக்கொண்டால் போதும், இலவச வைத்தியம். ஆனால் பனி லெவல்களில் இதைச் செய்தால் அந்தச் சில்லென்ற தண்ணீரே உயிரைக் குடிக்கும்.

கரை ஏறத் தெரியாமல் தவிப்பது

இதைப் பலர் தவறு என்றே எண்ணுவதில்லை. லெவல் முழுக்க அழகாக நீந்திவிட்டு, கரையோரத்தில் வந்து தட்டித் தட்டி ஏற முடியாமல் அடிபடுவார்கள். சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3லும் சூப்பர் மேரியோ வேர்ல்டிலும் நீர்ப்பரப்பில் மேல் திசையைப் பிடித்துக்கொண்டு தாவும் பட்டனை அழுத்தினால்தான் வெளியே துள்ளுவான். வெறும் தாவல் பட்டன் மறுபடி நீச்சலாகவே போய்விடும். சோனிக்கில் இதற்கு நேர்மாறாக வெளியேறுவதே பரிசு: தண்ணீரைக் கிழித்து மேலே வரும்போது மேல்நோக்கிய வேகம் இரட்டிப்பாகும். அதைக் கணக்கில் எடுக்காமல் தாவினால் மேலே இருக்கும் முள்ளில் போய் நிற்பீர்கள்.

இவ்வளவையும் அக்கா மகனுக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. தட்டுகிற தாளத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது நாள் 2-2ஐத் தாண்டினான். வாரக் கடைசியில் 7-2க்கு வந்துவிட்டான். கொஞ்ச தூரம் நீந்தியதும் கையை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"மாமா, இது அதே கிணறுதானே?"

அதேதான். 2-2இன் வரைபடத்தையே மறுபடி எடுத்து, எதிரிகளை மட்டும் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

"ஆமாடா. தண்ணிப்பாம்புதான் ஜாஸ்தி" என்றேன். அவன் ஒரு தட்டு தட்டி, இறங்கும் வரை காத்திருந்து, அடுத்த தட்டு தட்டினான்.