தெருவைச் சோதனையாக அடைக்கும் முன் அக்கம்பக்கத்தில் கருத்துக் கேட்பது எப்படி?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெரு இரண்டு பெரிய ரோடுகளுக்கு நடுவே இருக்கும் குறுக்கு வழி. பள்ளிக்கூட நேரத்தில் மெயின் ரோட்டில் வண்டிகள் தேங்கினால் டூவீலர், கார், ஷேர் ஆட்டோ எல்லாம் இதற்குள் நுழைந்துவிடும். நடைபாதை கிடையாது, வாசல்படியில் இறங்கினால் ரோடு. தெருவின் ஒரு முனையை மட்டும் வண்டிகளுக்கு அடைத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் வழி விட்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்று கேட்டு வாங்கினோம். அந்த ஒரு மாதத்தைவிட, அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான் பெரிய வேலை. அதை எப்படிச் செய்தீர்கள் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

சங்கம் வைப்பது, மனு எழுதுவது, கவுன்சிலரைப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. சட்டமும் மாதமும்

தடுப்பு வைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. நாமே கல்லைப் போட்டு மறிக்கவே கூடாது. போக்குவரத்துக் காவல் பிரிவும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை அது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-ஐ ஒரு முறை படித்துவிடுங்கள். பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு சாலையில் வாகனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கும் அரசு நியமித்த அலுவலர்களுக்கும் உண்டு என்கிறது அது. நமக்கு உதவும் வரி ஒன்று அதிலேயே இருக்கிறது: கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரம் செய்தால் போதும். அதனால்தான் 'ஒரு மாதச் சோதனை' என்று கேட்கச் சொல்கிறேன். அலுவலகத்தில் கோப்பு நகர்வது எளிது, தெருக்காரர்களுக்கும் பயம் குறையும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ஆடியில் சேலத்தில் எந்தத் தெருவும் வழக்கமான தெருவாக இருக்காது. கோட்டை மாரியம்மன் தொடங்கி எல்லா மாரியம்மன் கோயில்களிலும் பண்டிகை, பந்தல், ஊர்வலம். மே மாதம் பள்ளி விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் கடைக்காரர்களுக்கு உயிர்நாடி. எனக்குப் பிடித்தது ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை. பள்ளி திறந்து நேரங்கள் படிந்திருக்கும், ஆடி பிறந்திருக்காது.

2. கேட்கப் போகும் முன் எண்ணிக்கை எடுங்கள்

'வண்டி வேகமாகப் போகிறது' என்று சொன்னால், 'அப்படியெல்லாம் இல்லையே' என்று ஒருவர் சொல்வார். அதோடு பேச்சு நின்றுவிடும். கையில் எண் இருக்க வேண்டும்.

வேகம் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். தெருவில் 50 மீட்டர் அளந்து இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரு வண்டி முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு வர எத்தனை வினாடி என்று போனிலேயே பாருங்கள். 180-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 6 வினாடி என்றால் 30, 4 வினாடி என்றால் 45. நோட்டும் கையுமாக ரோட்டோரம் நிற்காதீர்கள், பார்த்தவுடன் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மொட்டை மாடிதான் சரியான இடம்.

இந்த எண்ணை அப்படியே சொன்னால் யாருக்கும் உறைக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒரு பிள்ளை குறுக்கே வருவதைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 30-ல் வருகிற வண்டி அந்த ஒரு வினாடியில் சுமார் 8 மீட்டர் ஓடிவிடும். 50-ல் வருவது கிட்டத்தட்ட 14 மீட்டர். பிரேக் பிடிப்பதே அதற்கு அப்புறம்தான். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருவில் 30-ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். 14 மீட்டரை ரோட்டிலேயே நடந்து காட்டினால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

வண்டிகளை எண்ணும்போது பக்கத்துத் தெருவிலும் எண்ணுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

3. யாரைக் கேட்பது

வீட்டு ஓனர்களின் பட்டியலைச் சங்கத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. தெருவை அதிகம் நடந்து பயன்படுத்துவது வாடகைக்கு இருப்பவர்கள்தான். தறிக்கூடத்துக்கு வேலைக்கு வருபவர்கள், மளிகைக் கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், முனையில் நிற்கும் ஆட்டோக்காரர்கள், ஸ்கூல் வேன் ஓட்டுநர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி, குப்பை வண்டித் தொழிலாளர்கள் எல்லோரையும் சேருங்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத பகல் நேரத்தில் ஒரு முறை, இருக்கும் இரவு நேரத்தில் ஒரு முறை போக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பதில் வந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்து, பக்கத்துத் தெரு. நம் தெருவை அடைத்தால் வண்டிகள் காற்றில் கரைந்துவிடாது. சில மெயின் ரோட்டிலேயே நிற்கும், சில அடுத்த தெருவுக்குள் நுழையும். அவர்களைக் கேட்காமல் செய்வது நம் தொல்லையைத் தூக்கி அவர்கள் வாசலில் போடுவதுதான். அவர்களுக்கும் அதே படிவம், அதே மரியாதை. அங்கே முன்பே எண்ணி வைத்திருந்தால், சோதனையின்போது எவ்வளவு கூடியது என்று ஒளிக்காமல் காட்டலாம்.

4. என்ன கேட்பது (இதை அவசரப்படாமல் படியுங்கள்)

எல்லோரும் தடுமாறும் இடம் இது. 'ரோட்டை அடைக்கலாமா, வேண்டாமா?' என்று கேட்கவே கேட்காதீர்கள்.

நம் ஊரில் தெரிந்த முகம் வாசலில் வந்து நின்று கேட்டால் என்ன பதில் வரும்? 'நல்லதுக்குத்தானே செய்றீங்க, சரிங்க.' அந்தச் 'சரிங்க' நமக்குத் தரும் மரியாதை. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனால், தடுப்பு வைத்த முதல் நாள் காலையில் அதே மனிதர் வண்டியோடு வந்து நின்று சத்தம் போடுவார். அவர்மேல் தப்பே இல்லை. தடுப்பு வந்தால் தன் வீட்டில் என்ன மாறும் என்று அவரை யாரும் யோசிக்க வைக்கவில்லை.

மாறாக, அவருடைய ஒரு நாளைக் கேளுங்கள். எங்கள் படிவத்தில் இருந்த கேள்விகள் இவை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்:

உங்கள் வீட்டுக்கு, கடைக்கு, தறிக்கு எந்தெந்த வண்டி எந்த நேரத்தில் வரும்?

இந்த முனை அடைபட்டால் அதில் எது நின்றுபோகும், எது சுற்றி வர வேண்டியிருக்கும்?

நடக்க முடியாதவர்கள், அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டில் உண்டா? (பெயர் வேண்டாம்)

பிள்ளைகளையோ பெரியவர்களையோ தெருவில் தனியாக அனுப்பப் பயப்படும் நேரம் எது?

ஒரு மாதம் கழித்து எது நடந்திருந்தால் 'இருக்கட்டும்' என்பீர்கள்? எது நடந்திருந்தால் 'எடுத்துவிடுங்கள்' என்பீர்கள்?

இரண்டாவது கேள்விதான் உயிர். தறிக்கூடம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மேலோட்டமாகச் 'சரி' என்று ஆரம்பித்தவர், இந்தக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தினார். 'நூல் மூட்டை குட்டியானையில வரும். இந்தப் பக்கம் அடைச்சா அது உள்ள வந்து திரும்ப முடியாது, தெரு முழுக்க ரிவர்ஸ்லதான் போகணும்' என்றார். பள்ளி விடும் நேரத்தில் ஒரு வண்டி தெரு நீளத்துக்கும் ரிவர்ஸில் போனால், நாம் தடுக்க நினைத்த ஆபத்தை நாமே கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். தடுப்பு முனையிலிருந்து சில வீடுகள் உள்ளே தள்ளிப் போனது அவர் பதிலால்தான். தறிக்கூட வாசல் தடுப்புக்கு வெளியே வந்துவிட்டது. 'வேண்டுமா வேண்டாமா' என்று கேட்டிருந்தால் இந்தத் தகவல் வந்திருக்காது.

பெரியவர்களிடம் நேரம் எடுத்துக்கொண்டு பேசுங்கள். 'ரோட்டை அடைக்கிறது என்ன புதுசா? முன்னெல்லாம் விடிகாலையில தெருவுல பாவு நீட்டுனா வண்டி எல்லாம் சுத்திக்கிட்டுத்தானே போச்சு' என்றார் ஒரு பாட்டி. நெசவுத் தெருக்களில் நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும்போது தெரு அப்படித்தான் நிற்கும். நான் எவ்வளவு விளக்கியும் சமாதானம் ஆகாத நாலு பேர் அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அவர் சொல்லித்தான், நாள் முழுக்க அடைப்பதா அல்லது பள்ளி நேரம் மட்டுமா என்ற கேள்வியே எழுந்தது.

கருவி பற்றி என் கருத்து: காகிதம். ஒரு பக்கம், பெரிய எழுத்து, வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதித் தருவது. கூகுள் படிவத்தைக் கூடுதலாக வைக்கலாம், அதை மட்டுமே நம்பினால் போன் பழக்கம் உள்ளவர்களின் தெருவாக மாறிவிடும். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு மட்டும் நடத்தாதீர்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோருக்கும் தெரியும்; ஓனர் பார்க்கும் குழுவில் குடித்தனக்காரர் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்.

5. கோலமாவால் வரைந்து காட்டுங்கள்

வரைபடத்தை அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பேருக்குப் புரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, தடுப்பு வரப்போகும் இடத்தில் கோலமாவால் அதே அளவுக்குக் கோடு போடுங்கள்: தடுப்பு இங்கே, சைக்கிள் வழி இங்கே, வண்டி திரும்பும் இடம் இது. அப்புறம் உண்மையான வண்டிகளைக் கூப்பிடுங்கள். குட்டியானை, தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன் ஒவ்வொன்றாக வந்து கோட்டை மிதிக்காமல் திரும்ப முடிகிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்க்க வேண்டும். டயர் பட்டு மாவு கலைந்தால், அங்கே இடம் போதவில்லை. உடனே அழித்துத் தள்ளி வரையுங்கள். குழந்தைகள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

108 ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எப்படி வரும் என்ற கேள்வி இங்கே கண்டிப்பாக வரும். வர வேண்டியதுதான். நகர்த்தவே முடியாத கான்கிரீட் கட்டையை நான் ஆதரிக்க மாட்டேன். ஒருவர் இழுத்தால் நகரும் சக்கரம் வைத்த பேரிகேட், இரவில் தெரியும்படி ஒளிரும் ஸ்டிக்கர், இது போதும். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. கூட்டம்

இதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். முதலிலேயே கூட்டம் போட்டால் மைக்கைப் பிடிப்பவரின் கருத்துதான் தெருவின் கருத்தாகிவிடும். படிவங்கள் கையில் இருக்கும்போது கூட்டினால், 'இத்தனை வீட்டில் இந்தச் சிக்கல் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு இந்த மாற்றம்' என்று ஆரம்பிக்கலாம். எதிர்ப்பவர்களை முதலில் பேசவிடுங்கள். வார்டில் பகுதி சபா (ஒரு வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நடக்கும் மக்கள் கூட்டம்) நடக்கும் தேதி பக்கத்தில் இருந்தால் அங்கேயும் வையுங்கள், பதிவேட்டில் ஏறும். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன.

'வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கலாமே?' என்று சிலர் சொல்வார்கள். லண்டனில் 2020-ல் பல தெருக்களில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே சோதனை ஆணை 18 மாதம் வரை இருக்கலாம், முதல் 6 மாதம் ஆட்சேபம் சொல்லலாம். பல இடங்களில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. பார்சிலோனாவின் போப்ளநோ பகுதியில் 2016-ல் திடீரென்று வண்டிகளின் வழிகளை மாற்றியபோதும் குடியிருந்தவர்கள் கொதித்தார்கள். பிறகு விளையாட்டு இடங்களும் இருக்கைகளும் வந்தன, அந்த மாற்றம் நிலைத்தது. சோதித்துப் பார்ப்பது தப்பே இல்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் திறக்கும் முன் தற்காலிகத் தடுப்புகள் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் நம் தெருவில் நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். முன்னால் கேட்பதே நல்லது.

7. முடியும் தேதியை எழுதி ஒட்டுங்கள்

மக்களின் பெரிய பயம் சுற்றிப் போவது பற்றியது அல்ல. 'சோதனைன்னு சொல்லி நிரந்தரமா வச்சிடுவாங்க' என்பதுதான். அதனால் நோட்டீஸில் தொடங்கும் தேதியைவிடப் பெரிய எழுத்தில் முடியும் தேதி இருக்கட்டும். அன்றைக்குத் தடுப்பை யார் எடுப்பார்கள், எந்த எண்கள் கூடினால் அல்லது குறைந்தால் மறுபடி கேட்கப்படும், குறைகளை எந்தக் கடையில் இருக்கும் நோட்டில் எழுதலாம் என்றும் போடுங்கள். படிவத்தின் ஐந்தாவது கேள்விக்கு வந்த பதில்களிலிருந்து இதை எடுக்கலாம். படிவங்களின் சுருக்கம், எண்ணிக்கை, கோலமாவுப் படத்தின் போட்டோ மூன்றையும் மனுவோடு இணைத்து, மண்டல அலுவலகத்திலும் போக்குவரத்துக் காவல் பிரிவிலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: கன்னங்குறிச்சிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: எங்கள் தெருவில் சனி ஞாயிறுதான் தொல்லை, ஏற்காடு போகும் கார்கள் புகுந்துவிடுகின்றன, என்ன செய்வது? உங்களுக்கு முழு மாதச் சோதனை தேவையில்லை, சனி ஞாயிறு மட்டும் கேளுங்கள். எண்ணிக்கையையும் அந்த இரண்டு நாளில் எடுங்கள். ஓட்டுபவர்கள் வெளியூர்க்காரர்கள், உங்கள் நோட்டீஸைப் படிக்க மாட்டார்கள். அவர்களை உள்ளே அனுப்புவது போனில் இருக்கும் மேப். தடுப்பு வைக்கும் அன்றே கூகுள் மேப்பில் அந்த இடத்தைத் தொட்டுச் சாலை மூடல் என்று தெரிவியுங்கள்; தெருவில் பலர் தனித்தனியாகத் தெரிவிப்பது நல்லது. எடுக்கும் அன்று திறந்துவிட்டதாகவும் மறக்காமல் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: தெருவில் துக்க வீடு என்றால் என்ன செய்வது என்று ஒரு அக்கா கேட்டார். நாங்கள் படிவத்தில் கேட்காமலே மூன்று வீட்டார் சொன்ன விஷயம் இது. அமரர் ஊர்தி வரவும் பந்தல் போடவும் தடுப்பை நகர்த்தும் பொறுப்பை, பக்கத்திலேயே இருக்கும் இரண்டு வீட்டாரிடம், காவல் பிரிவுக்குத் தெரிவித்து எழுத்தில் ஒப்படைத்தோம். நோட்டீஸில் அந்த இரண்டு வீட்டின் கதவு எண் மட்டும் இருந்தது. உங்கள் படிவத்தில் இதை ஆறாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.