3816547290: பென்சிலை வைத்தே பிடிக்கலாம்

முந்நூற்று எண்பத்தொரு கோடியே சொச்சம். 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை. முதல் இரண்டு இலக்கம் (38) 2-ஆல் வகுபடும், முதல் மூன்று (381) 3-ஆல், 3816 என்பது 4-ஆல், இப்படியே 10 வரை. இந்த லட்சணம் உள்ள எண் இது ஒன்றுதான். புரோகிராம் எழுதினால் நொடியில் வந்துவிடும், ஆனால் அதில் ருசியே இல்லை. கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுங்கள். பேனா வேண்டவே வேண்டாம், நிறைய அழிப்பீர்கள்.

படி 1: பத்துக் கட்டம். 10-வதில் 0, 5-வதில் 5. 2, 4, 6, 8-வது கட்டங்களில் இரட்டைப்படை. மிச்சக் கட்டங்களுக்கு 1, 3, 7, 9.

படி 2: நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது இங்கேதான். நாலாவது கட்டம் 4-ஆல் வகுபடணுமே என்று 4-ஐயும் 8-ஐயும் போட்டுப் போட்டு அழித்தேன். அதற்கு முந்தைய கட்டம் ஒற்றைப்படை என்பதைக் கவனிக்கவில்லை. 14, 34, 74, 94 எதுவும் 4-ஆல் வகுபடாது. 18, 38, 78, 98-உம் அப்படியே. 12, 16, 32, 36 வகுபடும். ஆக நாலாவது 2 அல்லது 6. இதே காரணத்தால் எட்டாவதும் 2 அல்லது 6. அப்புறம் 4-உம் 8-உம் இரண்டாவது, ஆறாவது கட்டங்களுக்குத்தான்.

படி 3: முதல் மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடுகிறது, முதல் ஆறினுடையதும் வகுபடணும். அப்படியானால் நடு மூன்றும் வகுபடணும். 258, 654 இரண்டே மிஞ்சும்.

படி 4: 8-இன் விதியையும் (ஏழாவது, எட்டாவது இலக்கங்கள் சேர்ந்த எண் 8-ஆல் வகுபடணும்) முதல் மூன்றின் கூட்டுத்தொகையையும் வைத்து வடிகட்டினால், ஏழு இலக்கம் வரை பத்தே பேர்:

1472589, 7412589, 1896543, 9816543, 7896543, 9876543, 1836547, 3816547, 1896547, 9816547

படி 5: ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுங்கள். 7-க்கென்று சொல்லும் குறுக்குவழிகள் எனக்குப் பிடிக்காது. நேராக வகுப்பதே வேகம். 1836547-க்கு மீதி 6. அடுத்தது 3816547: ஏழு தடவை 545221, மீதி இல்லை! மற்ற எல்லாவற்றிலும் மீதி வரும். எட்டாவது கட்டத்தில் 2, ஒன்பதாவதில் மிஞ்சிய 9. ஒன்பது இலக்கமும் கூட்டினால் 45, அதனால் 9-ஆல் வகுபடுமா என்று பார்க்கவே வேண்டாம்.

பின்சேர்க்கை: “8-க்குக் கடைசி மூன்று இலக்கம் பார்க்கணுமே, படி 4-இல் இரண்டு போதுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆறாவது கட்டம் 4 அல்லது 8. 400-உம் 800-உம் 8-ஆல் வகுபடும். அதனால் கடைசி இரண்டே போதும்.

இன்னொருவர், இலக்கங்கள் திரும்ப வரலாம் என்றால் எவ்வளவு நீளம் போகும் என்று கேட்டார். 25 இலக்கம்: 3608528850368400786036725. இதற்கு மேல் 26-வது இலக்கம் எதைச் சேர்த்தாலும் உடையும். இதை ஸ்ப்ரெட்ஷீட்டில் சரிபார்க்காதீர்கள், 15 இலக்கத்துக்கு அப்புறம் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். இதற்கு மட்டும் பைத்தான் புரோகிராம்.