உயர்தர இசட் புள்ளியைக் கையாலேயே கணக்கிடுவது எப்படி?

பௌதிகவியலில் 72, இணைந்த கணிதத்தில் 50. இரண்டில் எது நல்ல பெறுபேறு? புள்ளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வினாத்தாள் இலகுவாக வந்திருக்கலாம், மற்றது கழுத்தை நெரித்திருக்கலாம். வெவ்வேறு பாடங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரத்தான் இலங்கையில் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் உயர்தரப் பரீட்சையை வைத்துத் தரும் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி பயன்படுகிறது. வெட்டுப்புள்ளி (அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி) வெளியாகும் நாளில் வீட்டுக்கு வீடு பேசப்படும் அந்த எண்ணைக் கணக்கிட கூட்டல், கழித்தல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

இடையிலிருந்து ஒருவர் எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறார் என்பதுதான் இசட் புள்ளி. (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு: இடை என்பது சராசரி, நியம விலகல் என்பது திட்ட விலக்கம்.)

இசட் = (பெற்ற புள்ளி − இடை) ÷ நியம விலகல்

பழகுவதற்கு ஐந்து பேரின் பௌதிகவியல் புள்ளிகளை எடுத்துக்கொள்வோம்: 62, 68, 70, 72, 78.

படி 1: இடை. கூட்டினால் 350. ஐந்தால் வகுத்தால் 70.

படி 2: விலகல்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 70-ஐக் கழியுங்கள்: −8, −2, 0, 2, 8. இவற்றின் கூட்டுத்தொகை பூச்சியமாக வர வேண்டும். வராவிட்டால் இடையோ கழித்தலோ பிழை. மேலே போகாமல் அங்கேயே திருத்துங்கள்.

படி 3: நியம விலகல். விலகல்களின் வர்க்கங்கள் 64, 4, 0, 4, 64. மொத்தம் 136. ஐந்தால் வகுத்தால் 27.2. அதன் வர்க்கமூலம் 5.2154. தொடக்கத்தில் பலர் வர்க்கமூலம் எடுக்க மறந்து 27.2-ஐயே கீழே போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லா இசட் புள்ளியும் பூச்சியத்தை ஒட்டிச் சுருங்கிவிடும்.

படி 4: வகுத்தல். 72 எடுத்தவருக்கு 2 ÷ 5.2154 = 0.3835. 78 எடுத்தவருக்கு 8 ÷ 5.2154 = 1.5339. 62 எடுத்தவருக்கு −1.5339. கழித்தல் குறி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அவர் இடைக்குக் கீழே இருக்கிறார், அவ்வளவுதான்.

இனி இணைந்த கணிதம்: 15, 30, 40, 50, 65. இடை 40. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1450, நியம விலகல் 17.0294. 50 எடுத்தவரின் இசட் 10 ÷ 17.0294 = 0.5872. முதல் கேள்விக்கு விடை இதுதான்: 72-ஐ விட இந்த 50 மேலானது. இரண்டு பாடத்திலும் முதலிடங்களைப் பாருங்கள். 78-க்கு 1.5339, 65-க்கு 1.4681. பதின்மூன்று புள்ளி இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பாடத்தின் இசட் புள்ளிகள் எல்லாவற்றையும் வர்க்கித்துக் கூட்டினால் ஆட்களின் எண்ணிக்கை வர வேண்டும், இங்கே 5.

அப்படிக் கூட்டும்போது 4 வந்தால், ஐந்துக்குப் பதில் நான்கால் வகுத்திருக்கிறீர்கள். ஒன்று குறைத்து வகுப்பது, பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரிக்கு. எக்செல்லில் நியம விலகலுக்கு இரண்டு சூத்திரங்கள் வருவது இதனால்தான்: பி என முடிவது முழுத் தொகுதிக்கு, எஸ் என முடிவது மாதிரிக்கு. நம் ஐவரும் முழுத் தொகுதி. மாதிரிச் சூத்திரத்தைப் போட்டால் 1.5339 என்பது 1.3720 ஆகிவிடும். ஆயிரக்கணக்கானோர் எழுதும் பரீட்சையில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எக்செல்லில் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது இடையும் நியம விலகலும் உள்ள கட்டங்களை டாலர் குறி போட்டுப் பூட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இரண்டாவது ஆளிலிருந்தே விடை கெடும்.

தசமத்தை நடுவில் வெட்டுவதும் ஆபத்து. 5.2154-ஐ 5.2 என எடுத்தால் 1.5339-க்குப் பதில் 1.5385 வரும். பெறுபேற்றில் நான்கு தசம இடங்கள் தருகிறார்கள், அனுமதி அந்தத் தசமங்களில் தீர்மானமாகலாம். கடைசி வரை முழு எண்ணையும் கணிப்பானில் வைத்திருங்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, சேரக்கூடாத தொகுதிகளைச் சேர்ப்பது. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களுக்குச் சேர்த்து இசட் புள்ளி கணக்கிட்டார்கள். விவகாரம் இலங்கையின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டி வந்தது. ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை? நம் எண்களிலேயே தெரியும். மேலேயுள்ள இரண்டு பட்டியல்களையும் ஒரே பாடத்தின் இரு வினாத்தாள்கள் என வைத்துப் பத்துப் பேரையும் கலந்தால், இடை 55, நியம விலகல் 19.5857. கடினமான தாளில் முதலாவதாக வந்தவர் 1.4681-இலிருந்து 0.5106-க்கு விழுகிறார். இலகுவான தாளில் கடைசியாக வந்தவரோ −1.5339-இலிருந்து 0.3574-க்கு ஏறுகிறார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் நியாயம் போய்விட்டது.

உயர்தரத்தில் எடுக்கும் மூன்று பாடங்களுக்கும் இப்படித் தனித்தனியே கண்டு, மூன்று இசட் புள்ளிகளின் சராசரியை எடுத்தால் அதுதான் பெறுபேற்றுத் தாளில் வரும் எண். புள்ளிகளை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு இசட் கண்டால், புள்ளிகள் அதிகம் பரந்து கிடக்கும் பாடம் மற்றவற்றை விழுங்கிவிடும்.

டியூசன் வகுப்புப் புள்ளிகளில் கண்ட இசட்டை வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட வேண்டாம். ஐந்து பேர் உள்ள தொகுதியில் ஒருவர் 100 எடுத்து மற்ற நால்வரும் பூச்சியம் எடுத்தாலும் அவருடைய இசட் சரியாக 2தான், அதற்கு மேல் போகாது. பத்துப் பேர் என்றால் உச்சம் 3. ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வர்க்கமூலம் எடுங்கள், அந்தத் தொகுதியின் உச்ச எல்லை கிடைத்துவிடும்.