காலையில் மட்டும் அடம்பிடிக்கும் பழைய டீசல் ஜீப்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கே குளிர் இருக்கிறது என்று கேட்பவர்கள் அநேகமாக நாகர்கோவிலிலோ கடற்கரையிலோ இருப்பவர்கள். மார்கழியில், ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் கிளம்பும் நேரத்தில், கீரிப்பாறை, ஆறுகாணி பக்கம் ஒரு பழைய ஜீப்பைக் கிளப்பிப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். நான் குலசேகரம் பக்கம். என்னுடையது பெஜோ என்ஜின் வைத்த பழைய மஹிந்திரா. மத்தியானம் சாவியைத் தொட்டாலே கிளம்பும், காலையில் பத்து நிமிடம் செல்ஃப் அடிக்க வைக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பனி பிடிச்சிருக்கு மக்கா" என்றார். எங்கள் மேற்குப் பக்கத்தில் பனி என்றால் காய்ச்சலும்தான்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. வெளியே இருக்கும் பனியால் வண்டி நிற்கவில்லை, வண்டிக்குள் காய்ச்சல் இருக்கிறது. நம் மலையோரத்துக் காலைக் குளிர் நல்ல நிலையில் உள்ள டீசல் என்ஜினை ஒன்றும் செய்யாது. ஏற்கனவே உள்ள ஒரு குறையை அது வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது. காற்றை அழுத்தி, டீசலைத் தனிச் சிற்றறையில் பீய்ச்சும் பழைய இன்டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின்களில் 20 மடங்குக்கும் மேல் அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றும். அதற்கு என்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், உள்ளே சூடு வேண்டும், காற்று கலக்காத டீசல் வர வேண்டும். குளிர் இந்த மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடுங்கும். எது முன்பே நலிந்திருக்கிறதோ அது காலையில் கைவிடும்.

இதைத் தேடும்போது எல்லாரும் செய்யும் ஒரு தப்பை நானும் செய்தேன். காலை ஸ்டார்ட்டிங் கோளாறைச் சோதிக்க ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்புத்தான் உண்டு, வண்டி ஒரு தடவை கிளம்பிச் சூடாகிவிட்டால் அன்றைய சாட்சி போயிற்று. நான் ஒரே நாளில் பேட்டரி மாற்றி, ஃபில்டர் மாற்றி, கிளப்பும் முன் என்ஜினுக்குள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கும் மாற்றினேன். மறுநாள் கிளம்பியது, ஆனால் எதனால் கிளம்பியது என்று தெரியவில்லை. இரண்டு வாரத்தில் பழைய கதை திரும்ப வந்தது. அதனால் ஒரு காலைக்கு ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள், நடந்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

முதலில் கூச்சப்பட வைக்கும் காரணங்களைப் பார்த்துவிடுங்கள். பழைய ஜீப்பில் என்ஜினை நிறுத்த ஒரு நாப்பை இழுப்போமே, அந்த ஸ்டாப் கேபிள் துருப்பிடித்துப் பாதி இழுத்த நிலையிலேயே நின்றுவிட்டால் டீசல் போகாது. நாப் உள்ளே போய்விட்டதைப் போலத்தான் தெரியும், டீசல் பம்ப்பில் உள்ள நெம்புகோல் திரும்பி வந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு காலை முழுவதும் ஜீப்பைத் தள்ளியிருக்கிறோம், நாலு பேர். கொஞ்சம் பிந்திய வண்டிகளில் கேபிளுக்குப் பதில் பம்ப்பில் கரண்ட்டால் டீசலைத் திறந்து மூடும் சொலினாய்ட் இருக்கும். சாவியைத் திருப்பும்போது காதை வைத்துக் கேட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் செல்ஃப் சத்தம். மத்தியானம் எப்படிச் சுற்றுகிறது, காலையில் எப்படிச் சுற்றுகிறது என்று இரண்டையும் போனில் பதிவு செய்து கேளுங்கள். காலையில் இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கம் போகவே வேண்டாம், மெதுவாகச் சுற்றும் என்ஜினில் அழுத்தமும் சூடும் வராது. இரவு முழுக்க நின்ற 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் அதன் கம்பிகளைப் பாருங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் நிற்கும் வண்டிகளை உப்புக்காற்று தின்றுவிடும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கம்பியைக் கழற்றி, சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊற்றி, தேய்த்துத் துடைத்து, மாட்டியபின் வாஸலின் தடவுங்கள். அதைவிட அதிகம் ஏமாற்றுவது எர்த் கம்பி. பேட்டரி நெகட்டிவில் ஒரு மீட்டர் முனை, என்ஜின் இரும்பில் ஒன்று வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையென்றால் ஒரு ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக என்ஜினுக்குப் போட்டுப் பாருங்கள், சட்டென்று வேகம் எடுத்தால் புது பேட்டரி வாங்கும் பணம் மிச்சம்.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. இப்போது சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்திப் புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண் எரிக்கும் வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாசனையோடு வந்தால், டீசல் உள்ளே போகிறது, சூடு போதாமல் எரியவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன் (காற்றை அழுத்தும் பலம்), பம்ப் டைமிங் (டீசலைப் பீய்ச்சும் நேரம்) என்ற பக்கம் போங்கள். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குள் வரவில்லை. என் அனுபவத்தில் நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் அதிகமும் இந்த இரண்டாவது சங்கதிதான், ஆனால் எல்லாரும் முதலில் மாற்றுவது ஹீட்டர் பிளக்கை.

டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் எங்கோ மயிரிழை அளவு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். வண்டி ஓடும்போது பம்ப் இழுத்துக்கொண்டே இருப்பதால் தெரியாது. இரவு முழுக்க நிற்கும்போது குழாயில் உள்ள டீசல் மெல்ல டாங்குக்கே திரும்பிவிடும். காலையில் குழாய் முழுக்கக் காற்று. நம் பக்கம் சமதளம் கிடைக்காமல் வண்டியை ஏற்றத்தில் மூக்கை மேலே வைத்து நிறுத்துவோம், டாங்க் பின்னால் தாழ்ந்து இருப்பதால் டீசல் இன்னும் சீக்கிரம் இறங்கும். ஒரு இரவு மூக்கைக் கீழே வைத்து நிறுத்திப் பாருங்கள். காலையில் சட்டென்று கிளம்பினால் திருடன் பாதி அகப்பட்டான்.

மறுநாள் பழையபடி நிறுத்தி, காலையில் சாவியைத் தொடும் முன்னால் ஃபில்டர் மேல் உள்ள, கையால் டீசலை ஏற்றும் பிரைமரை அழுத்துங்கள். நாலைந்து தடவையில் கெட்டியாகிவிட்டால் நல்லது. இருபது முப்பது தடவை தொளதொளவென்று போய், அப்புறம் கெட்டியாகி, வண்டியும் உடனே கிளம்பினால், காற்று வாங்குகிறது என்பது முடிவு. எங்கிருந்து என்று பார்க்க, ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளம் டீசல் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் போட்டால் குமிழி ஓடுவது தெரியும். பெரும்பாலும் வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், திரும்பத் திரும்பப் போட்ட செம்பு வாஷர், இல்லையென்றால் பிரைமரேதான். என் வண்டியில் இருந்தது சேஸிஸ் ஓரமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த ஒரு முழ ஹோஸ். மூன்று மாதம் ஆட்டி வைத்தது.

ஏர் எடுப்பது கஷ்டமில்லை. ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும் வரை பிரைமரை அடித்து, டீசல் வடியும்போதே இறுக்குங்கள். பம்ப்பில் ஸ்குரூ இருந்தால் அங்கேயும் அப்படியே. அதற்கும் மசியாவிட்டால் இரண்டு இன்ஜெக்டர் பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். கையை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், இன்ஜெக்டர் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி வேலை.

இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது, அதனால் டாங்கில் தண்ணீர் சேர்வதும் சாதாரணம். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், தண்ணீர் அடியில் தங்கும். மழைக்காலத்தில் டாங்கைக் காலியாகப் போட்டு வைக்காதீர்கள்.

வெள்ளைப் புகைக்காரர்களுக்கு ஹீட்டர் பிளக். ஒரு காலை ஹீட்டரை வழக்கமான நேரம் போடாமல் இரண்டு தடவை போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். சட்டென்று எடுத்தால் ஒன்றிரண்டு பிளக் செத்திருக்கும். நாலையும் இணைக்கும் பட்டையைக் கழற்றி, 12 வோல்ட் பல்ப் ஒன்றின் ஒரு கம்பியைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மற்றதால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். எரிந்தால் உயிர் இருக்கிறது, எரியாவிட்டால் போய்விட்டது. நாலும் நன்றாக இருந்தால் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா, ரிலே வேலை செய்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய சில வண்டிகளில் பிளக்குகளைத் தொடராக இணைத்திருப்பார்கள், அதில் ஒன்று போனால் நாலும் போச்சு. கழற்றும்போது என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கட்டும், முறுக்கினால் உடைந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். சிலிண்டருக்குள்ளேயே நேராக டீசலைப் பீய்ச்சும் பழைய டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின் என்றால் பெரும்பாலும் ஹீட்டர் பிளக்கே இருக்காது, தேடிக் களைக்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகைதான் என்றால் கம்ப்ரெஷன். சூடான என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளுகிறதா பாருங்கள். தள்ளினால் டீசலுக்கான கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள், பெட்ரோல் வண்டிக் கேஜ் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

மூணாறு, ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்குத்தான் உண்மையான குளிர்ப் பிரச்சினை. டீசலில் மெழுகு இருக்கிறது, குளிர்ந்தால் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். நம் தரநிலைப்படி டீசலின் போர் பாயிண்ட், அதாவது ஓடாமல் உறைந்துபோகும் எல்லை, கோடைக்கு 15 டிகிரி வரையிலும் குளிர்காலத்துக்கு 3 டிகிரி வரையிலும் இருக்கலாம். ஃபில்டர் அடைபடுவது அதற்குச் சில டிகிரி முன்பே தொடங்கிவிடும். அதனால் ஐப்பசியில் அடித்த டீசலோடு தை மாதத்தில் மூணாறுக்கு ஏற வேண்டாம், மேலே போய் அடியுங்கள். அடைத்துவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரில் சுற்றிப் பொறுத்திருங்கள். டாங்குக்கு அடியில் தீ மூட்டும் வீரம் வேண்டாம்.

கடற்கரையில் வள்ளத்துக்குக் கிடைக்கும் மண்ணெண்ணெயைக் கலந்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். அது பம்ப்பின் வழவழப்பைக் குறைத்துத் தேய்க்கும், மானிய எண்ணெய் என்றால் சட்டப்படியும் தப்பு. ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது இரண்டும் அதைவிட மோசம். ஹீட்டர் சூட்டில் அது பிஸ்டன் மேலே ஏறும் முன்பே வெடிக்கும், பிஸ்டனும் ரிங்கும் உடைந்தால் என்ஜின் இறக்கும் வேலை.

இறக்கத்தில் விட்டுக் கிளப்புகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம், பவர் பிரேக் உள்ள வண்டியில் என்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும், வளைவுக்கு முன்னால் போதுமான நேர் சாலை இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். செல்ஃப் அடிப்பதானால் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடி, அப்புறம் ஒரு நிமிடம் ஓய்வு. கிளம்பிவிட்டதே என்ற சந்தோஷத்தில் உடனே ரேஸ் கொடுக்காதீர்கள், ஆயில் மேலே ஏற ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் கியரைப் போடுங்கள்.