சுற்றாத சக்கரம்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்தால் அலமாரிக்குள் செருப்பே பூத்துவிடும். பொம்மைக் கார்கள் மட்டும் தப்புமா? அப்பாவுக்கு எஸ்டேட் பங்களாவில் கிடைத்த லண்டன் பஸ் பொம்மையின் (லெஸ்னி என்ற இங்கிலாந்து கம்பெனியின் மேட்ச்பாக்ஸ் வரிசை) சக்கரங்கள் அப்படித்தான் இறுகிப்போயின. உடல் துத்தநாகக் கலவை, அதில் செந்துரு ஏறாது. அச்சுதான் இரும்புக் கம்பி.

முதலில் ஒரு மடத்தனம் செய்தேன். துருவுக்கு வினிகர் நல்லது என்று யாரோ சொல்ல, வேறொரு லாரியை முழுசாக ஊறப்போட்டேன். வினிகர் துத்தநாகத்தையும் தின்னும் என்பது நுரை கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அடிப்பக்கம் கறுத்து, பெயிண்ட் செதில் செதிலாக வந்துவிட்டது. அந்த லாரியை இன்னும் கண்ணெதிரே வைத்திருக்கிறேன், புத்தி வரட்டும் என்று.

பஸ்ஸுக்கு அவசரப்படவில்லை. தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு சொட்டு. ராத்திரி முழுக்கத் தலைகீழாகக் கிடந்தது. காலையில் அலுமினியத் தாளைச் சுருட்டி, நுனியை ஈரமாக்கி அச்சைத் தேய்த்தேன். இரும்பைவிட மென்மை என்பதால் கீறல் இல்லை. மூன்றாம் நாள் சக்கரம் முனகிக்கொண்டே சுற்றியது! மிச்ச எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

இப்போது எல்லாம் இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

உடலிலேயே மயிரிழை விரிசல் ஓடினால் இந்த வைத்தியம் பலிக்காது. வார்ப்பில் ஈயம் கலந்ததால் வரும் நோய் அது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்ற இங்கிலாந்து பொம்மைக் கார்களில் சகஜம்.